விஎம்முக்கும் ஸ்டோரேஜ் சர்வருக்கும் பேச்சு நின்றுபோனால்

வேறொரு கணினியின் கோப்புறையை நம் கணினியோடு இணைக்கும் மவுண்ட் கட்டளையைத் தட்டி என்டர் அழுத்துகிறீர்கள். கர்சர் அடுத்த வரிக்கு இறங்கிச் சிமிட்டிக்கொண்டே இருக்கிறது. பிழைச் செய்தியும் வரவில்லை, வேலையும் முடியவில்லை. விர்ச்சுவல் மெஷினை (விஎம், அதாவது ஒரு கணினிக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினி) ஸ்டோரேஜ் சர்வரோடு இணைக்க முதன்முதலாக உட்காரும் பலரும் இந்தத் திரையைப் பார்த்திருப்பார்கள். அடுத்து என்ன செய்வோம்? விஎம்மை ரீஸ்டார்ட் செய்வோம். அப்புறம் ஸ்டோரேஜ் சர்வரை. அப்புறம் ஃபயர்வாலை அணைத்துப் பார்ப்போம். எங்கேயோ படித்த நாலு கட்டளைகளை ஒட்டிப் பார்ப்போம். ஒரு மணி நேரம் கழித்து, எதை எதை மாற்றினோம் என்பதே மறந்திருக்கும்.

இந்த நேரத்தில் ஒரே ஒரு கேள்வியைப் பிடித்துக்கொள்ளுங்கள்: விஎம்மில் இருந்து கிளம்பிய பாக்கெட் (நெட்வொர்க்கில் போகும் தரவுத் துண்டு) எந்த இடம் வரை போனது? கீழே சொல்லப்போகும் ஒவ்வொரு சோதனையும் இந்தக் கேள்விக்கான விடையை இன்னும் கொஞ்சம் நெருக்கிக் கொடுக்கும். எதையும் மாற்றத் தேவையில்லை, பார்த்தால் போதும்.

எடுத்துக்காட்டுக்கு ஓர் அமைப்பை வைத்துக்கொள்வோம். ஒரு கணினியில் விஎம்களை நடத்தும் பிராக்ஸ்மாக்ஸ் ஓடுகிறது, அதுதான் ஹோஸ்ட். அதற்குள் உபுண்டு போட்ட ஒரு விஎம். பக்கத்தில் ட்ரூநாஸ் போட்ட இன்னொரு கணினி, நிறைய ஹார்டு டிஸ்க்குகளோடு; அது ஸ்டோரேஜ் சர்வர். விஎம்முக்கு இரண்டு நெட்வொர்க் கார்டுகள். முதல் கார்டு அலுவலக நெட்வொர்க்கில் 192.168.1.50 என்ற முகவரியில் இருக்கிறது. இணையம் அதன் வழியாகத்தான். இரண்டாவது கார்டு ஸ்டோரேஜுக்கென்றே ஒதுக்கிய பிரைவேட் நெட்வொர்க்கில், 10.10.10.11. ஸ்டோரேஜ் சர்வர் அதே நெட்வொர்க்கில் 10.10.10.20. கோப்புகள் என்எஃப்எஸ் முறையில் பகிரப்படுகின்றன.

10-இல் தொடங்கும் முகவரிகள், 172.16 முதல் 172.31 வரை, பிறகு 192.168 - இந்த மூன்று தொகுதிகளையும் பிரைவேட் நெட்வொர்க்குகளுக்கென்று ஒதுக்கியது 1996 பிப்ரவரியில் வந்த ஆர்எஃப்சி 1918 என்ற இணைய விதி ஆவணம். பொது இணையத்தில் இந்த முகவரிகளுக்கு வழி கிடையாது. ஸ்டோரேஜை ஏன் இப்படி ஒதுக்குப்புறமாக வைக்க வேண்டும் என்றால், என்எஃப்எஸ் அதன் வழக்கமான அமைப்பில் கடவுச்சொல் கேட்பதில்லை. எந்த ஐபி முகவரியில் இருந்து வருகிறீர்கள் என்று பார்த்துத்தான் உள்ளே விடும். போகும் தரவையும் மறையாக்கம் செய்யாது. அப்படிப்பட்ட ஒன்றை எல்லோரும் நடமாடும் தெருவில் வைக்க முடியாது. இரவில் பேக்கப் ஓடும்போது அலுவலக நெட்வொர்க் திணறக் கூடாது என்பது இரண்டாவது காரணம். இந்த ஒதுக்குப்புறத் தெருவில் ராவுட்டர் கிடையாது, அதற்குத் தேவையும் கிடையாது. இரு முனைகளும் ஒரே தெருவில் நேருக்கு நேர் பேசிக்கொள்கின்றன.

விஎம்முக்கு உள்ளே

முதலில் விஎம்முக்குள் 'ஐபி அட்ரஸ்' என்ற கட்டளையைக் கொடுங்கள். பிராக்ஸ்மாக்ஸில் உபுண்டு விஎம்மின் கார்டுகள் பெரும்பாலும் இஎன்எஸ்18, இஎன்எஸ்19 என்ற பெயர்களில் தெரியும். இரண்டாவது கார்டு தெரிகிறதா, 'அப்' நிலையில் இருக்கிறதா, 10.10.10.11/24 என்று முகவரி இருக்கிறதா என்று பாருங்கள். விஎம் நிறுவி முடித்த பிறகு இரண்டாவது கார்டைச் சேர்த்திருந்தால், கார்டு இருக்கும், ஆனால் 'டவுன்' என்று தூங்கிக்கொண்டிருக்கும். உபுண்டுவின் நெட்வொர்க் அமைப்பை எழுதிவைக்கும் நெட்பிளான் கோப்பில் அந்தக் கார்டைப் பற்றி ஒரு வரியும் இல்லாததே காரணம்.

முகவரிக்குப் பின்னால் இருக்கும் /24-ஐயும் பாருங்கள். முதல் மூன்று எண்களும் ஒன்றாக இருக்கும் முகவரிகள் எல்லாம் ஒரே தெரு என்று அது சொல்கிறது. கையால் முகவரி சேர்க்கும்போது இதை விட்டுவிட்டால் லினக்ஸ் அதை /32 என்று எடுத்துக்கொள்ளும். அதாவது, 'இந்தத் தெருவில் என் ஒரு வீடு மட்டும்தான் இருக்கிறது' என்று விஎம் நம்பும். அப்புறம் 10.10.10.20-ஐத் தேடிக்கொண்டு இணையம் இருக்கும் பக்கமாகப் போகும். முகவரி சரியாகத்தான் இருக்கிறது என்று நாம் பத்து முறை பார்ப்போம். அந்த இரண்டு இலக்கங்கள் கண்ணில் படாது.

கார்டுகள் இடம் மாறியிருப்பதும் அடிக்கடி நடக்கும். ஸ்டோரேஜ் முகவரியை அலுவலகக் கார்டில் போட்டிருப்போம். பிராக்ஸ்மாக்ஸ் திரையில் ஒவ்வொரு கார்டுக்கும் எதிரே மேக் முகவரி (அந்தக் கார்டுக்கே உரிய அடையாள எண்) எழுதியிருக்கும். விஎம்முக்குள் தெரியும் மேக் முகவரியோடு அதை ஒப்பிட்டால் எது எந்தக் கார்டு என்று ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

அடுத்து, 'ஐபி ரூட் கெட் 10.10.10.20'. ஆரம்பநிலையில் இருப்பவர்களுக்கு நான் மனமாரப் பரிந்துரைக்கும் கட்டளை இது. எதையும் அனுப்பாது, அனுப்பினால் எந்தக் கார்டு வழியே, எந்த முகவரியைத் தன் முகவரியாகச் சொல்லிக்கொண்டு பாக்கெட் கிளம்பும் என்பதை மட்டும் சொல்லும். இஎன்எஸ்19 வழியே, 10.10.10.11 என்ற முகவரியில் இருந்து என்று விடை வர வேண்டும். 'வயா 192.168.1.1' என்று அலுவலக ராவுட்டரின் முகவரி வந்தால் பாக்கெட் தப்பான வாசல் வழியே வெளியேறுகிறது. ஸ்டோரேஜ் பக்கம் எவ்வளவு நோண்டினாலும் பயனில்லை. இரண்டாவது கார்டுக்கும் கேட்வே (வெளி நெட்வொர்க்குக்கு வழிவிடும் ராவுட்டரின் முகவரி) எழுதிவைப்பது இங்கே சகஜமான தவறு. பிரைவேட் நெட்வொர்க் கார்டில் கேட்வே இடத்தை வெறுமையாக விடுங்கள்.

டாக்கர் பயன்படுத்துவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். டாக்கர் வழக்கமாகத் தனக்கென்று 172.17.0.0/16 என்ற தொகுதியை எடுத்துக்கொள்ளும். உங்கள் ஸ்டோரேஜ் நெட்வொர்க்கும் 172.17-இல் இருந்தால், டாக்கரை நிறுவிய பிறகு ஸ்டோரேஜ் காணாமல் போகலாம். இதையும் 'ஐபி ரூட் கெட்' காட்டிக்கொடுத்துவிடும்: விடையில் டாக்கர்0 என்று கார்டின் பெயர் வரும்.

தெருவில் கூப்பிட்டுப் பார்ப்பது

பாக்கெட் சரியான கார்டு வழியேதான் கிளம்புகிறது என்றால், அடுத்த கட்டம் ஏஆர்பி. ஒரே நெட்வொர்க்கில் இருக்கும் இரண்டு கணினிகள் உண்மையில் ஐபி முகவரியை வைத்துக்கொண்டு பேசுவதில்லை. மேக் முகவரி வேண்டும். அதனால் விஎம் முதலில் தெருவில் நின்று, '10.10.10.20 யாருப்பா?' என்று எல்லோருக்கும் கேட்கும்படி ஒரு குரல் கொடுக்கும். அந்த வீட்டுக்காரர், 'நான்தான், என் மேக் முகவரி இது' என்று பதில் சொல்வார். இந்தக் கேள்வி-பதில் நடந்ததா என்பதை 'ஐபி நெய்பர்' என்ற கட்டளை காட்டும்.

'இருக்கிறாயா?' என்று எதிர்முனையைக் கேட்கும் ஒரு பிங் கொடுத்துவிட்டு உடனே இதைப் பாருங்கள். 10.10.10.20-க்கு எதிரே 'ரீச்சபிள்' அல்லது 'ஸ்டேல்' என்று இருந்தால் பதில் வந்திருக்கிறது. ஸ்டேல் என்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். கொஞ்ச நேரமாகப் பேசவில்லை என்றுதான் பொருள். 'ஃபெயில்ட்' அல்லது 'இன்கம்ப்ளீட்' என்று இருந்தால் கூப்பிட்ட குரலுக்குப் பதில் வரவில்லை.

பிங்குக்குப் பதில் வராவிட்டால் எதிர்முனை செத்துவிட்டது என்று பலர் முடிவுகட்டிவிடுகிறார்கள். ஃபயர்வால் பிங்கைத் தடுத்திருக்கலாம். ஆனால் வழக்கமான ஃபயர்வால் விதிகள் ஏஆர்பியைத் தொடுவதில்லை. ஆகவே பிங் தோற்று, நெய்பர் பட்டியலில் ரீச்சபிள் என்று இருந்தால், கேபிள், ஸ்விட்ச், பிரிட்ஜ் (ஹோஸ்டுக்குள் இருக்கும் மென்பொருள் ஸ்விட்ச்), விலேன் (ஒரே ஸ்விட்சைத் தனித்தனித் தெருக்களாகப் பிரிப்பது) எல்லாம் சரி; சிக்கல் மேலே, ஃபயர்வாலில் இருக்கிறது. பிங்கும் தோற்று, ஃபெயில்ட் என்றும் இருந்தால், ஃபயர்வாலை மறந்துவிட்டுக் கீழே தேடுங்கள். ஒரே வரியில் பாதி இடங்கள் கழிந்துவிடுகின்றன.

கீழே தேடுவது எப்படி? போகும் வரும் பாக்கெட்டுகளைக் காட்டும் டிசிபிடம்ப் என்ற கருவியை ஹோஸ்டில் ஓடவிடுங்கள். விஎம்மில் இருந்து ஸ்விட்ச் வரை பாக்கெட் மூன்று இடங்களைக் கடக்கிறது. முதலில் டேப், அதாவது விஎம்மின் கார்டோடு ஒட்டிய ஹோஸ்ட் பக்கத்து முனை. விஎம்மின் எண் 100 என்றால் இரண்டாவது கார்டின் டேப் பெயர் டேப்100ஐ1. அடுத்து பிரிட்ஜ், விஎம்பிஆர்1 என்று வைத்துக்கொள்வோம். கடைசியாக ஹோஸ்டின் நிஜ நெட்வொர்க் கார்டு. விஎம்மில் பிங்கை ஓடவிட்டு, இந்த மூன்று இடங்களிலும் ஒவ்வொன்றாகக் கேளுங்கள். 'ஹூ-ஹாஸ் 10.10.10.20 டெல் 10.10.10.11' என்ற வரி நொடிக்கு ஒன்றாக ஓடும். '10.10.10.20 யாரிடம் இருக்கிறது, 10.10.10.11-இடம் சொல்லுங்கள்' என்று விஎம் கூவும் குரல்தான் அது. எந்த இடத்தில் அந்தக் குரல் கேட்காமல் போகிறதோ, அதற்கு முந்தைய கட்டத்தில்தான் கோளாறு. நான் இதை முதன்முறை செய்தபோது, அதுவரை இருட்டாக இருந்த அறையில் விளக்கைப் போட்டதுபோல் இருந்தது.

டேப்பில் கேட்கிறது, விஎம்பிஆர்1-இல் கேட்கவில்லை என்றால், அந்தக் கார்டை வேறொரு பிரிட்ஜில் மாட்டியிருக்க வாய்ப்பு அதிகம். பிரிட்ஜில் கேட்கிறது, நிஜக் கார்டில் கேட்கவில்லை என்றால், அந்தப் பிரிட்ஜுக்கு நிஜக் கார்டு சேர்க்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். நிஜக் கார்டு சேர்க்காத பிரிட்ஜ், ஹோஸ்டுக்கு உள்ளேயே முடிந்துபோகும் ஒரு முட்டுச்சந்து. அதே ஹோஸ்டில் இருக்கும் இரண்டு விஎம்கள் அதில் ஒன்றோடொன்று அழகாகப் பேசும். அதைப் பார்த்துவிட்டு நெட்வொர்க் சரியாக இருக்கிறது என்று நம்பிவிடுவோம். வெளியே இருக்கும் ஸ்டோரேஜ் சர்வருக்கு மட்டும் எதுவும் போகாது.

நிஜக் கார்டு வழியே கேள்வி வெளியேறுகிறது, பதில் வரவில்லை என்றால் ஸ்விட்சில் விலேனைப் பாருங்கள். விஎம் கார்டில் விலேன் 20 என்று எழுதிவிட்டு, ஸ்விட்சில் கேபிள் செருகிய போர்ட்டில் 20-ஐ அனுமதிக்காமல் விட்டிருப்போம். ஸ்டோரேஜ் சர்வரிலும் டிசிபிடம்ப் ஓடவிட முடியுமென்றால் ஓடவிடுங்கள். கேள்வி அங்கே வந்து சேர்கிறதா என்று தெரிந்தால் குற்றம் ஸ்விட்சுடையதா, ஸ்டோரேஜுடையதா என்று பிரித்துவிடலாம்.

கதவைத் தட்டினால் என்ன பதில்

பிங் போகிறது, ஆனால் மவுண்ட் ஆகவில்லை. இப்போது போர்ட்டை, அதாவது ஒவ்வொரு சேவைக்கும் உரிய எண்ணிட்ட கதவைத் தட்டிப் பார்க்க வேண்டும். என்எஃப்எஸ் 2049-ஆம் போர்ட்டில் கேட்கும். டிஸ்க்கையே நெட்வொர்க் வழியே கொடுக்கும் ஐஸ்கசி என்றால் 3260, விண்டோஸ் பகிர்வான எஸ்எம்பி என்றால் 445. நெட்கேட் கருவியில் 'என்சி -விஇசட் 10.10.10.20 2049' என்று கொடுங்கள்.

'சக்சீடட்' என்றால் கதவு திறந்திருக்கிறது. 'கனெக்ஷன் ரெஃப்யூஸ்ட்' என்று உடனே வந்தால், கதவைத் தட்டினோம், உள்ளே இருந்து ஆள் வந்து 'இங்கே அப்படி யாரும் இல்லையே' என்று சொல்லிவிட்டார் என்று வைத்துக்கொள்ளலாம். வீடு சரியான வீடு, வழியும் சரி; என்எஃப்எஸ் சேவை மட்டும் ஓடவில்லை. அல்லது ஓடுகிறது, ஆனால் வேறொரு கார்டின் முகவரியில் மட்டும் கேட்டுக்கொண்டிருக்கிறது. ட்ரூநாஸில் என்எஃப்எஸ் சேவையை எந்த ஐபி முகவரியோடு கட்டுவது என்று ஓர் அமைப்பு உண்டு. அங்கே அலுவலக முகவரி மட்டும் இருந்தால் இப்படித்தான் ஆகும். (ஃபயர்வாலையும் இப்படி மறுக்கும்படி அமைக்க முடியும், ஆனால் முதலில் சேவையைப் பாருங்கள்.)

பதிலே வராமல் நீண்ட நேரம் நின்று 'டைம்ட் அவுட்' ஆனால், தட்டினோம், உள்ளே சத்தமே இல்லை. ஏஆர்பி, பிங் இரண்டும் ஏற்கெனவே தேறிவிட்டன என்பதால் இது பெரும்பாலும் ஃபயர்வால் பாக்கெட்டைச் சத்தமில்லாமல் விழுங்குவதுதான். ஸ்டோரேஜ் சர்வரில் இருக்கும் ஃபயர்வால் மட்டுமல்ல, பிராக்ஸ்மாக்ஸ் ஒவ்வொரு விஎம் கார்டுக்கும் ஒரு ஃபயர்வால் டிக் பெட்டி வைத்திருக்கிறது, அதையும் பாருங்கள். 'நோ ரூட் டு ஹோஸ்ட்' என்ற செய்தி கொஞ்சம் ஏமாற்றும். ரூட்டில் கோளாறு என்று நினைக்கத் தோன்றும். ஏஆர்பி தோற்றாலும் இதே செய்திதான், சில ஃபயர்வால்கள் தடுக்கும்போதும் இதே செய்திதான். ஐபி நெய்பரைப் பார்த்தால் இரண்டில் எது என்று தெரிந்துவிடும்.

என்எஃப்எஸ் நான்காம் பதிப்புக்கு 2049 ஒன்று திறந்திருந்தால் போதும். மூன்றாம் பதிப்புக்கு 111-ஆம் போர்ட்டும் வேறு சில போர்ட்களும் வேண்டும். 2049-ஐ மட்டும் திறந்துவிட்டு மூன்றாம் பதிப்பில் மவுண்ட் செய்தால் தொங்கும்.

'ஆக்சஸ் டினைட்' என்று வந்தால் நான் நிம்மதிப் பெருமூச்சு விடுவேன். நெட்வொர்க் முழுக்கத் தேறிவிட்டது, ஸ்டோரேஜ் சர்வரின் அனுமதிப் பட்டியலில்தான் சிக்கல். லினக்ஸ் சர்வரில் யாருக்கு என்ன அனுமதி என்று எழுதிவைக்கும் எக்ஸ்போர்ட்ஸ் கோப்பில் ஒரு வெற்றிடம் செய்யும் கூத்தைச் சொல்ல வேண்டும். 10.10.10.0/24 என்று எழுதி, இடைவெளி விடாமல் அடைப்புக்குறிக்குள் எழுதும் அனுமதியைக் கொடுக்க வேண்டும். நடுவில் ஒரு ஸ்பேஸ் விழுந்துவிட்டால் பொருள் தலைகீழாகிறது: உங்கள் நெட்வொர்க்குக்குப் படிக்க மட்டும் அனுமதி, மற்ற உலகத்துக்கெல்லாம் எழுதவும் அனுமதி. இது எழுத முடியவில்லையே என்ற தொல்லையோடு நிற்பதில்லை, பாதுகாப்பு ஓட்டையும் கூட.

சின்னது போகிறது, பெரியது நிற்கிறது

இனி, என்னை இரண்டு நாள் அலையவிட்ட சிக்கல். ஒரு சிறிய அலுவலகத்தில் விஎம்மில் இருந்து ஸ்டோரேஜுக்கு இரவு பேக்கப் ஓடிக்கொண்டிருந்தது. ஒருநாள் நின்றுவிட்டது. பிங் போகிறது. போர்ட் திறந்திருக்கிறது. மவுண்ட் ஆகிறது. எல்எஸ் கொடுத்தால் கோப்புகளின் பெயர்கள் வருகின்றன. சின்ன டெக்ஸ்ட் கோப்பு ஒன்றை நகலெடுத்தால் நகலாகிறது. 4 ஜிபி பேக்கப் கோப்பை நகலெடுத்தால் தொடங்கிய இடத்திலேயே நிற்கிறது. டிஸ்க்கைச் சந்தேகப்பட்டோம். கேபிளை மாற்றினோம். விஎம்மைப் புதிதாகவே நிறுவினோம்.

காரணம் எம்டியூ. ஒரே தடவையில் அனுப்பக்கூடிய பாக்கெட்டின் அதிகபட்ச அளவு அது. வழக்கமாக 1500 பைட். ஸ்டோரேஜ் நெட்வொர்க்குகளில் வேகத்துக்காக அதை 9000 ஆக்குவார்கள். ஜம்போ ஃப்ரேம் என்று பெயர். எங்கள் விஎம்மில் 9000, ஸ்டோரேஜில் 9000. நடுவில் இருந்த ஸ்விட்சை அந்த வாரம்தான் மாற்றியிருந்தார்கள். புதிய ஸ்விட்சில் ஜம்போ ஃப்ரேம் இயக்கப்படவில்லை. இரு முனைகளும் இணைப்பு தொடங்கும்போதே 'நான் 9000 வரை வாங்குவேன்' என்று ஒன்றுக்கொன்று சொல்லிக்கொள்கின்றன. நடுவில் இருப்பவரை யாரும் கேட்பதில்லை. பெரிய பாக்கெட் வந்தால் ராவுட்டராக இருந்தால் 'இது பெரிதாக இருக்கிறது' என்று திருப்பிச் சொல்லும். சாதாரண ஸ்விட்ச் எதுவும் சொல்லாமல் கீழே போட்டுவிடும். சின்னப் பாக்கெட்டுகள் 1500-க்குள் அடங்கி நுழைந்து போய்விடுவதால் மற்ற எல்லாம் வேலை செய்வதுபோல் தெரிகிறது.

இதைக் கண்டுபிடிக்க ஒரே ஒரு பிங் போதும்: 'பிங் -எம் டூ -எஸ் 8972 10.10.10.20'. இதில் எம் பெரிய எழுத்து, எஸ் சின்ன எழுத்து, டூ என்பது டி, ஓ என்ற இரண்டு எழுத்துகள். முதலாவது 'துண்டாக்காதே' என்று சொல்கிறது, இரண்டாவது அளவு. 9000-இல் ஐபி தலைப்புக்கு 20, பிங் பயன்படுத்தும் ஐசிஎம்பி தலைப்புக்கு 8 கழித்தால் 8972. பதில் வந்தால் முழு வழியும் 9000-க்குத் தயார். 'மெசேஜ் டூ லாங்' என்று வந்தால் விஎம்மின் சொந்தக் கார்டே 1500-இல் இருக்கிறது. மௌனமாக இருந்தால் நடுவிலோ எதிர்முனையிலோ விழுகிறது. அடுத்து, 1500-க்கு அதே கணக்கில் வரும் 1472 கொடுத்துப் பாருங்கள். அதற்கு மட்டும் பதில் வந்தால் உறுதி. விஎம் கார்டு, ஹோஸ்டின் பிரிட்ஜ், நிஜக் கார்டு, ஸ்விட்ச், ஸ்டோரேஜ் என ஐந்திலும் 9000 இருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் போச்சு. ஆரம்பத்தில் எல்லாவற்றையும் 1500-இலேயே விட்டுவிடுங்கள் என்பது என் கருத்து. வேகம் உண்மையிலேயே போதவில்லை என்று அளந்து பார்த்த பிறகு மாற்றிக்கொள்ளலாம்.

இணைப்பு ஐந்து நிமிடம் வருகிறது, ஐந்து நிமிடம் போகிறது என்ற ரகம் வேறு. அதற்கு ஒரே முகவரி இரண்டு இடத்தில் இருப்பது பெரும்பாலும் காரணமாகும். விஎம்மை க்ளோன் செய்தபோது உள்ளே எழுதிவைத்த ஐபி முகவரியும் சேர்ந்து வந்திருக்கும். முகவரியைத் தானாகக் கொடுக்கும் டிஹெச்சிபி வைத்திருந்தால்கூட, உபுண்டுவில் கணினியின் அடையாளமான மெஷின்-ஐடி மாறாமல் நகலானால் இரண்டு விஎம்களுக்கும் ஒரே முகவரி கிடைக்கலாம். 'ஆர்பிங் -டி' கட்டளை அந்த முகவரியை வேறு யாராவது வைத்திருக்கிறார்களா என்று கேட்டுச் சொல்லும். இங்கே டி பெரிய எழுத்து.

சரிசெய்த பிறகு

கையால் கொடுத்த 'ஐபி அட்ரஸ் ஆட்' ரீஸ்டார்ட் ஆனதும் மறைந்துவிடும். நெட்பிளான் கோப்பில் எழுதி, 'நெட்பிளான் ட்ரை' கொடுங்கள். நீங்கள் உறுதி செய்யாவிட்டால் 120 நொடியில் பழைய நிலைக்கே திரும்பிவிடும் என்பதால், தவறாக எழுதி வெளியே மாட்டிக்கொள்ளும் பயம் குறைவு.

விஎம் எழும்போது எதையெல்லாம் மவுண்ட் செய்ய வேண்டும் என்று எழுதிவைக்கும் எஃப்எஸ்டேப் கோப்பில், என்எஃப்எஸ் வரியோடு 'நோஃபெயில்' சேர்த்துவையுங்கள்; மவுண்ட் ஆகாவிட்டாலும் விஎம் எழுந்துவிடும். ஐஸ்கசி டிஸ்க் என்றால் முன்னால் அண்டர்ஸ்கோர் வைத்த 'நெட்டெவ்' கட்டாயம் வேண்டும். அது பார்ப்பதற்கு உள்ளூர் டிஸ்க் மாதிரியே இருப்பதால், நெட்வொர்க் எழுவதற்கு முன்பே விஎம் அதைத் தேடித் தோற்று எமர்ஜென்சி மோடில் போய் நிற்கும். தொங்கும் மவுண்டைத் தவிர்க்க 'சாஃப்ட்' என்று போடச் சொல்பவர்கள் உண்டு. எழுதும் தரவு இருக்கும் இடத்தில் வேண்டாம். இணைப்பு கொஞ்ச நேரம் அறுந்துபோனால் பாதி எழுதிய கோப்போடு கைவிட்டுவிடும். வழக்கமான 'ஹார்ட்' முறை தொங்கத்தான் செய்யும், ஆனால் ஸ்டோரேஜ் திரும்பி வந்ததும் விட்ட இடத்தில் இருந்து தொடரும்.

கடைசியாக, கரண்ட் போய்வந்த நாளை ஒத்திகை பாருங்கள். இரண்டையும் முறைப்படி அணைத்துவிட்டு, விஎம்மை முதலில் எழுப்புங்கள். ஐந்து நிமிடம் கழித்து ஸ்டோரேஜை எழுப்புங்கள். மவுண்ட் தானாக வரவில்லை என்றால், எஃப்எஸ்டேப் வரியில் 'எக்ஸ்-சிஸ்டம்டி.ஆட்டோமவுண்ட்' சேர்த்துவிட்டு இதே ஒத்திகையை இன்னொரு முறை செய்யுங்கள். அந்தக் கோப்புறையை யாராவது முதலில் தொடும் நேரத்தில் விஎம் தானே போய் மவுண்ட் செய்துகொள்ளும்.